"மீனுவுக்கு ஊசி போடச் சொன்னது நான்தான்"

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறோம்.

அவருக்கு வயது 41, வங்கியில் வேலை. வீட்டில் கணவர், ஏழு வயது மகள், மாமியார், இரண்டு பூனைகள். மூத்தவள் மீனு. கல்யாணத்துக்கு முன்பு சைதாப்பேட்டையில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்தபோது, ஒரு மழை நாளில் ஸ்கூட்டருக்கு அடியில் ஒண்டியிருந்த குட்டி. பதின்மூன்று வருடம் கூடவே இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி மாதங்களில் தினமும், இவரே வீட்டில் தோலுக்கடியில் 100 மில்லி டிரிப்ஸ் ஏற்றி வந்திருக்கிறார். ஆறு வாரத்துக்கு முன் மீனு சாப்பிடுவதையும் எழுந்து நிற்பதையும் நிறுத்திவிட்டாள். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 11.4. மருத்துவர் கருணைக்கொலையைப் பற்றிப் பேசினார். மறுநாள் காலை இவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். உடலை மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார்.

"நான்தான் அவளைக் கொன்றேன். மேசையில் படுத்துக்கொண்டு 'குர்ர்' என்று சத்தம் போட்டாள். சந்தோஷமாக இருந்தவளுக்கு ஊசி போடச் சொன்னேன். போட்ட பிறகும் கண் மூடவில்லை, ஒரு தடவை மூச்சு வாங்கினாள். உயிர் இருந்ததோ?" என்று கேட்கிறார். அதற்கு மூன்று வாரம் முன்பு திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மூன்று நாள் டிரிப்ஸ் விட்டுப்போனதும் உறுத்துகிறது. மாமியார், "பூனையைக் கொன்ன பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாதும்மா, தங்கத்துல பூனை செஞ்சு காசியில தானம் குடுக்கணும்" என்கிறார். அண்ணனோ, "அப்பா செத்தப்பகூட நீ இப்படி அழலையே" என்று கேட்டுவிட்டார். ராத்திரியில் மீனு மணல் தட்டைப் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. மகளிடம் "டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வெச்சுட்டார்" என்று சொல்லியிருக்கிறார். அவள் இப்போது தனியாகத் தூங்க மறுக்கிறாள். இளைய பூனை கருப்பன் வாசலில் உட்கார்ந்து கத்துகிறான், பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறான். கணவர் ஒரு புதுக் குட்டி வாங்கி வரலாம் என்கிறார்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

மற்றவற்றைப் பேசும் முன் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்துபோகும் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். "சில ராத்திரி, நானும் காலையில் எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தில் இருக்கும் பலருக்கு, அலுப்பில், இப்படி ஓர் எண்ணம் வந்து போவதுண்டு. ஆனால் அது அடிக்கடி வந்தாலோ, எப்படி என்ற யோசனையும் சேர்ந்து வந்தாலோ, அன்று இரவே கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரமும் பேசலாம். தமிழக அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை அது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பூனைக்காக அழுகிறேன் என்றால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். எதற்காக அழுகிறீர்கள் என்று அவர்கள் தராசில் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இனி உங்கள் கேள்விகள். கடிதத்தில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மீனு இல்லை என்ற துக்கம் ஒன்று. நான் தப்பு செய்துவிட்டேன் என்ற குற்ற உணர்வு இன்னொன்று. குற்ற உணர்வு ஒரு கேள்வி. நடந்த உண்மைகளை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியும், சொல்லியாகவும் வேண்டும். துக்கத்துக்குப் பதில் கிடையாது, இடம்தான் தர வேண்டும். நீங்கள் ஆறு வாரமாகக் குற்ற உணர்வைப் பொறுத்துக்கொண்டு, துக்கத்தோடு வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். அதை மாற்றிச் செய்து பார்ப்போம்.

இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாமோ?

பூனைகளின் சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் இயல்பு அளவைத் தாண்டும். அதனால்தான் "போன வருஷமே ஏன் கண்டுபிடிக்கவில்லை" என்ற கேள்வி இந்த நோயில் எல்லோருக்கும் வருகிறது. மீனுவுக்கு முதல் பரிசோதனையிலேயே 3.1 இருந்திருக்கிறது, 2.9 முதல் 5 வரை நோயின் மூன்றாம் கட்டம். ஐந்தைத் தாண்டினால் நான்காம் கட்டம், அதற்கு மேல் கட்டமே கிடையாது. நாட்பட்ட சிறுநீரக நோயில் இழந்த பகுதி திரும்ப வராது. டிரிப்ஸ் செய்தது என்னவென்றால், உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்து, குமட்டலையும் சோர்வையும் தணித்து, நல்ல நாட்களைக் கூட்டியது. குணமாக்க அதனால் முடியாது.

11.4 என்ற நிலையில், சாப்பாட்டை நிறுத்தி, நிற்க முடியாமல், வாயில் சிறுநீர் வாடையோடு கிடந்த பூனைக்கு இன்னும் சில நாட்கள் என்றால் அவை என்ன நாட்கள்? ரத்தத்தில் யூரியா ஏற ஏற வாயிலும் நாக்கிலும் புண் வரும், ஓயாத குமட்டல் இருக்கும், உடல் சூடு இறங்கும், சில பூனைகளுக்கு வலிப்பு வரும். தானாகப் போகட்டும் என்று விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது இதுதான்.

டயாலிசிஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திடீரென்று, உதாரணமாக விஷத்தால், சிறுநீரகம் நின்றுபோகும்போது அது மீளும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் விலங்குகளில் டயாலிசிஸ் பெரும்பாலும் உதவுகிறது. மீனுவின் கதை வேறு. கடைசியில் அவள் எடை 2.3 கிலோ என்கிறீர்கள். பூனைக்குக் கிலோவுக்கு சுமார் 60 மில்லி ரத்தம். மொத்தமாக 140 மில்லி, ஒரு காபி டம்ளர் அளவு. அதை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுற்றவிட்டுத் திருப்புவது, ஏற்கெனவே சோகை பிடித்த உடம்புக்குப் பெரும் ஆபத்து. உங்கள் மருத்துவர் அந்தப் பேச்சை எடுக்காததில் தவறு தெரியவில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த ஒரு மதிப்பீட்டு முறை உண்டு. வலி இல்லாமை, சாப்பாடு, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. இந்த ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று கொள்ளலாம். மீனுவின் கடைசி வாரத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், கணவரும் தனியாகப் போடட்டும். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 15 வருவதே கஷ்டம்.

மேசையில் நடந்தது

'குர்ர்' சத்தம்தான் உங்களை அதிகம் வதைக்கிறது என்று தெரிகிறது. பூனை சந்தோஷத்தில் மட்டும் அப்படிச் சத்தமிடுவதில்லை. வலியிலும், பயத்திலும், குட்டி போடும்போதும், சாகும் தறுவாயிலும் செய்யும். தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழியாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மீனு அந்த நேரத்தில் உங்கள் கை பட்டதால் ஆறுதலாக இருந்தாளா, வலியில் இருந்தாளா என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் "நன்றாக இருந்தவளை" என்று நீங்கள் சேர்த்துக்கொள்ளும் சொல்லுக்கு அந்தச் சத்தம் சாட்சி ஆகாது.

கண் மூடாததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. இமையை மூடுவதும் தசையின் வேலைதான். உயிர் போனதும் தசை தளர்ந்துவிடுவதால், பூனைகளின் கண் பெரும்பாலும் திறந்தே நிற்கும். உங்களைப் பார்க்கவில்லை, குறை சொல்லவும் இல்லை. முதலில் மயக்க மருந்து, பிறகு அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்தை நேராக ரத்தக் குழாயில் செலுத்துவது: இதுதான் முறை. இரண்டாவது மருந்து உள்ளே போன சில விநாடிகளில் நினைவு போய்விடும். அடுத்து மூச்சு, அதற்கடுத்து இதயம் நிற்கும். அதன் பிறகு ஓரிரு முறை மூச்சு வாங்குவதுபோல் மார்பு அசைவதும், மீசையோ காலோ துடிப்பதும், சிறுநீர் வெளியேறுவதும் உண்டு. உணர்வு இல்லாத உடலின் அனிச்சை அசைவுகள் அவை. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, இதயம் நின்றதை உறுதி செய்யத்தான். இதையெல்லாம் முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருந்தால் இத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்காது. சொல்லாமல் விட்டது, என் பார்வையில், ஒரு குறைதான்.

அந்த மூன்று நாள்

இதில் உங்களுக்கு இதமாக ஒரு பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தில் மூன்று நாள் டிரிப்ஸ் நின்றால் நீர்ச்சத்து குறையும்; மீனுவுக்கு அந்த நாட்கள் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் திரும்பி வந்து தொடர்ந்ததும் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடமாகத் தேய்ந்துவந்த சிறுநீரகத்தை அந்த மூன்று நாள் முடித்துவிட்டது என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், திருநெல்வேலிக்குக் கிளம்பும் அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தவை. வலது பக்கம், இன்று தெரிந்தவை. "மூன்று வாரத்தில் போய்விடுவாள்" என்பது எந்தப் பக்கம் வரும்? நீங்கள் உங்கள்மேல் போடும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை வலது பக்கத்துத் தகவலை வைத்து, இடது பக்கத்து ஆளுக்குத் தண்டனை தருகின்றன. அதன் பிறகும் மிஞ்சுவது, "ஊசி குத்த வேறு ஒருவரைப் பழக்கியிருக்கலாம்" என்ற வருத்தம். அது நியாயமான வருத்தம், வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட முறை அவள் கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி குத்திய கை உங்களுடையது என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

பாவம், தங்கப் பூனை

பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் தர வேண்டும் என்ற நம்பிக்கை பழையது. சும்மா இருந்த பூனையை அடித்துக் கொல்பவனைத் தடுக்க உண்டான பேச்சாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. தீராத வேதனையில் இருந்த உயிரை மருத்துவர் கையால் விடுவிப்பதை அதோடு சேர்க்கலாகாது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே, ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலை வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் அத்தையிடம் சட்டம் பேசாதீர்கள். மீனுவுக்குத் தினமும் ஒரு பிடி தயிர்சாதம் ஒதுக்கி வைத்தவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இழப்பு இருக்கிறது. அது பயமாக வெளியே வருகிறது. "உங்களுக்கும் கஷ்டமா இருக்குல்ல அத்தை" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பரிகாரம் செய்தால்தான் அவர் மனம் ஆறும் என்றால், கிண்டி புளூ கிராஸ் போன்ற ஓர் இடத்தில் ஒரு தெருப்பூனையின் சிகிச்சைக்கு அவர் கையால் பணம் கட்டச் சொல்லுங்கள். தங்கத்தைவிடச் செலவும் குறைவு.

அப்பாவுக்கு அழாதது

உங்கள் அண்ணன் கேட்டது கொடுமையான கேள்வி. அதை நீங்களே இப்போது உங்களைக் கேட்டுக்கொள்வது அதைவிடக் கொடுமை.

அப்பா இறந்தபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். வீடு நிறைய ஆட்கள். காரியம், பதினாறாம் நாள், வங்கிக் கணக்கு, இறப்புச் சான்றிதழ், அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் கையில் வேலை இருந்தது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். அலுவலகத்தில் விடுப்பு கிடைத்தது. மீனுவுக்கு இதில் ஒன்றும் இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டீர்கள், மதியம் கவுண்டரில் உட்கார்ந்தீர்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே எழுதியிருக்கிறார்: சடங்கும் விசாரிப்பும் விடுப்பும் மறுக்கப்படும்போது துக்கத்தின் எடை குறைவதில்லை, தூக்க ஆள்தான் குறைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவோடு நீங்கள் வாரம் ஒருமுறை போனில் பேசினீர்கள். மீனு பதின்மூன்று வருடம் உங்கள் கால்மாட்டில் தூங்கினாள். அப்பா போன ராத்திரியும் மடியில் இருந்தது அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று நீங்கள் அழும் அழுகையில் அப்பாவுக்கான பங்கு எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? அழுகையின் அளவு அன்பின் அளவு இல்லை என்பதை அண்ணனுக்கு நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடைசி இரண்டு வருடம் நீங்கள் அவளை வளர்த்ததோடு நிற்கவில்லை, நோயாளியாகவும் பார்த்துக்கொண்டீர்கள். அந்த வேலை நின்றுபோன வெறுமை தனி. காலை ஆறு மணி, இரவு ஒன்பது மணி அலாரத்தை இன்னும் அழிக்க முடியவில்லை என்கிறீர்கள். அழிக்க வேண்டாம். அதன் பெயரை மட்டும் மாற்றுங்கள். இரவு ஒன்பது மணி, இருபது நிமிடம், மீனுவுக்கானது: போட்டோ பார்ப்பது, அழுவது, அவளுக்கு ஒரு கடிதம் எழுதுவது, எதுவானாலும். இருபது நிமிடம் முடிந்ததும் எழுந்து கையால் செய்யும் ஒரு வேலைக்குப் போங்கள், நாளைய துணியை மடிப்பதுபோல. துக்கத்துக்குள் போவதும் அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மாறி மாறி நடப்பதுதான் இயல்பான போக்கு என்று மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். நடுவில் ஒருநாள் நன்றாகச் சிரித்துவிட்டால் மீனுவுக்குத் துரோகம் என்று நினைக்க வேண்டாம்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று படித்து, "நான் இன்னும் இரண்டாவதிலேயே நிற்கிறேன்" என்று கவலைப்படுகிறீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது, தாங்களே சாகப்போகும் நோயாளிகளோடு பேசியதை வைத்து. இழந்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிகள் அவை இல்லை. கோபம் மூன்று முறை வரலாம், சில கட்டம் வராமலே போகலாம்.

மணல் தட்டைப் பிறாண்டும் சத்தமும் பைத்தியத்தின் அறிகுறி இல்லை. வேல்ஸ் நாட்டில் மனைவியையோ கணவரையோ இழந்தவர்களிடம் டெவி ரீஸ் என்ற மருத்துவர் நடத்தி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ அருகில் உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பதின்மூன்று வருடம் அந்த நேரத்தில் அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துப் பழகிய காது இது. எழுந்து போய்த் தட்டைப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள். ஒன்று மட்டும்: உங்கள் வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது, அது கருப்பனாகவும் இருக்கலாம். அவனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உடலை விட்டுவிட்டு வந்ததை நினைத்து மருகுகிறீர்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் புதைக்க மண் ஏது? மருத்துவமனையிடம் ஒப்படைப்பது கைவிடுவது ஆகாது. சொல்லப்போனால், அந்த மருந்து உடலில் இருக்கும்போது ஆழம் இல்லாமல் புதைத்தால், தோண்டித் தின்னும் நாய்க்கும் காக்கைக்கும் ஆபத்து. சடங்கு ஒன்று இல்லையே என்பதுதான் குறை என்றால், அதை இப்போதும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மீனுவைப் பற்றி ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அவளைத் தெரிந்த பழைய சைதாப்பேட்டைத் தோழிகளுக்குப் போன் செய்து, "மீனு போயிட்டா" என்று சொல்லுங்கள். அவர்கள் துக்கம் கேட்பார்கள். இதுவரை நீங்கள் யாருக்கும் சொல்லவே இல்லை.

மகளிடம்

இதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். "தூங்க வெச்சுட்டார்" என்பது ஏழு வயதுக் குழந்தைக்கு அப்படியே தூக்கம்தான். தூங்கினால் எழுந்திருக்க முடியாமல் போகலாம், டாக்டர் ஊசி போட்டால் திரும்பி வர முடியாது என்று அவள் முடிவு கட்டியிருப்பாள். பகல் நேரத்தில், அவசரம் இல்லாதபோது, இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"மீனு தூங்கலடா. செத்துப்போயிட்டா. நான் முன்னாடி சொன்னது தப்பு. அவளோட கிட்னி வேலை செய்யறதையே நிறுத்திடுச்சு, எந்த மருந்தாலயும் சரியாகல. ரொம்ப வலிச்சுது. வலி இல்லாம சாகறதுக்கு டாக்டர் ஒரு மருந்து குடுத்தாரு. இனிமே அவ திரும்பி வர மாட்டா. உனக்கு ஜுரத்துக்குப் போடற ஊசி வேற மருந்து, அது உன்னை சரியாக்கறதுக்கு. நாம ராத்திரி தூங்கிக் காலையில எழுந்துப்போம்."

அடுத்து, "பாட்டிக்கும் முட்டி வலிக்குதே, அவங்களுக்கும் அந்த ஊசி போடுவாங்களா?" என்று கேட்பாள். மனிதர்களுக்கு அப்படி ஊசி போடுவதில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தன்மேல் தப்பு இருக்கிறதோ என்று அவள் நினைக்கிறாளா என்பதையும் கேளுங்கள். வாலை இழுத்ததால், டிரிப்ஸ் ஏற்றும்போது சத்தம் போட்டதால் என்று குழந்தைகள் மனதுக்குள் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லுங்கள். அவள் முன்னால் நீங்கள் அழலாம், ஏன் அழுகிறீர்கள் என்று சொன்னால் போதும். வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கருப்பன்

கூட இருந்த பூனை போனால் மற்றது தேடும், கத்தும், குறைவாகச் சாப்பிடும், ஒட்டிக்கொண்டே திரியும். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும். ஆனால் ஆறு வாரமாகப் பாதிச் சாப்பாடு என்பதை துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாவிட்டால், அதுவும் கொஞ்சம் குண்டான பூனையென்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒருநாள் முழுக்க வாய் வைக்காவிட்டாலே மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். பத்து சதவீதம் குறைந்திருந்தால், அதாவது ஐந்து கிலோ பூனையில் அரைக் கிலோ, காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை ஏறி, கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவான். மீனுவின் போர்வைகளை எல்லாம் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள்; ஒன்றை அவன் படுக்கும் இடத்தில் விடுங்கள்.

மிக முக்கியமாக, அவன் ஆண் பூனை. மன அழுத்தத்தில் ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வந்து, குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குவது, கத்துவது, ஆனால் மணல் நனையாமல் இருப்பது: இதைப் பார்த்தால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த ராத்திரியே கொண்டுபோங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனை இரவிலும் பார்க்கிறது என்று இன்றே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். ராத்திரி பிறாண்டும் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பால்கனியில் ஒரு தொட்டியில் குப்பைமேனி வைக்கலாம். அதன் வேருக்குப் பூனைகள் மயங்கிப் புரள்வதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கருப்பனுக்கும் ஒரு விளையாட்டு, மகளுக்கும் தண்ணீர் ஊற்ற ஒரு வேலை.

மீனுவுக்கு வாங்கிய சிறுநீரகச் சாப்பாட்டையும் மருந்துகளையும் கருப்பனுக்குக் கொடுக்காதீர்கள். பிரிக்காத சாப்பாட்டுப் பாக்கெட்டுகள், காலாவதியாகாத டிரிப்ஸ் பாட்டில்கள் ஆகியவற்றை உங்கள் மருத்துவர் வேறொரு பூனைக்குப் பயன்படுத்திக்கொள்வாரா என்று கேளுங்கள். திறந்த பாட்டிலை வைத்துக்கொள்ளக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பை வாளியில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். எதையும் இந்த வாரமே செய்ய வேண்டும் என்பதில்லை, ஊசிகளைத் தவிர.

புதுக் குட்டி

கணவர் சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. நீங்கள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்கிறார். ஆனால் சர்ப்ரைஸாக வாங்கி வந்துவிட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் "இது மீனு இல்லை" என்று தோன்றினால், அந்தக் குட்டிக்கும் அது நியாயமில்லை. மகளும் செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று கற்றுக்கொள்வாள். இன்னொரு காரணம் கருப்பன். இப்போதே குழம்பிப்போயிருக்கும் ஆறு வயது ஆண் பூனைக்கு, தன் இடத்தில் புதிதாக ஒன்று வருவது துணையைவிட அழுத்தமாகவே இருக்கும். அவன் எடை நின்று, சாப்பாடு பழையபடி ஆன பிறகு பேசலாம்.

அப்போது வாங்குவதாக இருந்தால்: மீனுவின் நோய் தொற்றக்கூடியது இல்லை என்பதால் வீட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசி போட வேண்டும். முதல் இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு. இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு. கணவர் ஊசி குத்தப் பயப்படுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பூனைக்கு மாத்திரை விழுங்க வைக்கவும் டிரிப்ஸ் ஏற்றவும் வீட்டில் இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும் என்பதை இப்போதே அவரிடம் நிபந்தனையாகப் போட்டுவிடுங்கள்.

ஆறு வாரத் துக்கம் நோய் இல்லை. நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக வகைப்படுத்தும் மருத்துவ விதிகளேகூட, மனித இழப்பில், குறைந்தது ஆறு மாதம் என்றும் பன்னிரண்டு மாதம் என்றும்தான் எல்லை வைக்கின்றன. ஆனால் தூக்கம் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குள் நின்றால், வேலைக்குப் போக முடியாமல் போனால், தூங்க மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடத் தொடங்கினால், முதலில் சொன்ன எண்ணம் திரும்ப வந்தால், காலக் கணக்குப் பார்க்காமல் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். மகளோடு பேசிய பிறகும் அவளுடைய தூக்கப் பயம் மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால், அவளையும் அழைத்துச் செல்லுங்கள்.